பிள்ளைகளுக்கு ஒரு நாள் சிரமதானம் போதாது: மட்டக்களப்பு மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு மாவட்டச் செயலாளர், 14 பிரதேச செயலகங்களின் செயலாளர்கள், மாநகர முதல்வர், நகர சபை மற்றும் பிரதேச சபைத் தவிசாளர்கள், ஐந்து கல்வி வலயங்களின் பணிப்பாளர்கள் ஆகியோருக்கு,

மதிப்புக்குரியீர்,

எமது மாவட்டத்தில் 14 முதல் 19 வயது வரையான பிள்ளைகள் பொதுப்பணியில் ஈடுபடுவதற்கென, ஆண்டு முழுவதும் திறந்திருக்கின்ற, வேலை இன்னதென்றும் பொறுப்பாளர் இன்னாரென்றும் எழுதி வைக்கப்பட்ட தொண்டர் இடங்களை உங்கள் ஒவ்வோர் அலுவலகமும் உருவாக்கித் தரவேண்டும் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். நான் இம்மாவட்டத்துப் பாடசாலைகளில் நீண்ட காலம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கைத்தொலைபேசியைத் தவிர வேறெதிலும் நாட்டமில்லை என்ற பேச்சைக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறேன்; அதை ஏற்க என்னால் முடியவில்லை. ஏதாவது செய்யலாமா சேர் என்று தாமாகவே வந்து கேட்கும் பிள்ளைகளைக் காணாத ஆசிரியர் இருக்கமாட்டார். அப்படி வருகின்ற பிள்ளையை எங்கே அனுப்புவது, யாரைப் போய்ச் சந்திக்கச் சொல்வது என்ற கேள்விக்குத்தான் பெரும்பாலான பாடசாலைகளில் விடை இல்லை.

இப்போது நடப்பது என்னவென்று உங்களுக்கும் தெரியும். விழாவுக்கு விருந்தினர் வந்து சேரும்வரை வெயிலில் வரிசையாக நிற்பதற்கும், பதாகை பிடிப்பதற்கும், கடற்கரையில் ஒரு காலைப்பொழுது குப்பை பொறுக்குவதற்கும் பிள்ளைகளை அழைக்கிறோம். படம் எடுக்கிறோம், குளிர்பானம் கொடுக்கிறோம், அனுப்பிவிடுகிறோம். கிராம மட்டத்தில் சிறுவர் கழகங்கள் அமைக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் ஒக்டோபர் முதலாம் திகதி சிறுவர் தினம் நெருங்கும்போது விழித்து, அது கழிந்ததும் உறங்கிப்போகும் கழகங்கள் பல. சாரணர், பெண் சாரணியர், சென்ற் ஜோன் முதலுதவிப் படை போன்ற நல்ல அமைப்புகள் பெரிய பாடசாலைகளில் வேர்கொண்ட அளவுக்குச் சிறிய பாடசாலைகளில் வேர்கொள்ளவில்லை. அங்கே பொறுப்பாசிரியராக இருக்க ஆளில்லை. நான் எந்தவோர் அலுவலகத்தையும் சுட்டிக் குறைகூறவில்லை. பிள்ளையின் உழைப்பை ஒரு நாள் நிகழ்ச்சியாகவே நாம் எல்லோரும் எண்ணிப் பழகிவிட்டோம் என்பதையே சொல்கிறேன்.

ஒரு நாள் நிகழ்ச்சியால் வேலையும் நடப்பதில்லை என்பதற்கு, உவர்நீர்க் கரையில் வளரும் கண்டல் மரங்களின் நடுகையைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2004 ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின்னர் இலங்கையின் கரையோரங்களில் பெருமளவு கண்டல் கன்றுகள் நடப்பட்டன. அந்த நடுகைகள் என்னவாயின என்று 23 இடங்களில் ஆராய்ந்து 2017 இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, அவற்றுள் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை என்றும், ஆயிரம் ஹெக்டேயருக்கு மேல் நடப்பட்டதில் ஏறத்தாழ 200 ஹெக்டேயரே தப்பியது என்றும் கண்டது. நீர்மட்டமும் நிலமும் பொருந்தாத இடத்தில் நட்டமை, கன்றுகளைக் கால்நடைகள் மிதித்தமை, பாசி மூடியமை, எல்லாவற்றுக்கும் மேலாக நட்டபின் எவரும் திரும்பிப் பார்க்காமை என்பன காரணங்கள். எமது வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைவரை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. அதன் கரையில் மாடு மேயாத இடம் குறைவு. இங்கே கன்று நடுவதற்கு இருநூறு மாணவர்களை ஒரு நாள் பேருந்தில் ஏற்றிச் செல்வதைவிட, வாவியோரத்துப் பாடசாலை ஒன்றின் பன்னிரண்டு பிள்ளைகளிடம் ஒரு துண்டுக் கரையை இரண்டு ஆண்டுகளுக்கு ஒப்படைப்பது பயன் தரும். தாய்மரத்திலேயே முளைத்துத் தொங்கும் கண்டல் நாற்றைச் சேகரிப்பது, நாற்றுமேடையில் வளர்ப்பது, வேலி அடைப்பது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயிரோடிருக்கும் கன்றுகளை எண்ணிக் குறித்து வைப்பது ஆகிய எல்லாம் அவர்களால் முடியும். எந்த இடத்தில் நீர் எவ்வளவு ஏறும், தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பன போன்றவற்றைக் கற்பிக்க அந்தந்த ஊர் மீனவரைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. உயிரியல் பாடப் புத்தகத்தில் ஒரு பந்தியாக வாசித்ததை இரண்டு ஆண்டுகள் கையால் தொட்டறிந்த பிள்ளை, பின்னாளில் வாவியை மண் போட்டு நிரப்ப ஒருவர் வரும்போது வாய் திறந்து கேட்கும். பொதுச் செயற்பாடு என்று நாம் பெரிதாகச் சொல்வது அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

டெங்கு ஒழிப்பிலும் இதே நிலைதான். நுளம்பு முட்டையிலிருந்து வெளிவந்து பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் போதும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை பார்க்கப்படாத இடம் பார்க்கப்படாத இடமே. ஆண்டுக்கு இருமுறை ஊரே திரண்டு துப்புரவு செய்தாலும் நுளம்புக்கு அது பொருட்டில்லை. இளநீர்க் கோம்பை, சிரட்டை, பழைய டயர், கூரைப்பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு ஆகியவற்றைத் தன் தெருவில் கிழமைதோறும் பார்த்து ஓர் அட்டவணையில் குறித்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுக்கும் வேலையை 15 வயதுப் பிள்ளை வயதுவந்த ஒருவரின் துணையுடன் செய்யலாம். அயல்வீட்டு மாமியிடம் பரிசோதகர் சொன்னால் கோபம் வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னால் சிரித்துக்கொண்டே தட்டைக் கவிழ்ப்பார். ஆனால் வடிகான் துப்புரவு செய்வதும் குப்பை அள்ளுவதும் சபைகளின் சம்பளம் பெறும் ஊழியர்களின் பணி. ஆளணிப் பற்றாக்குறையைச் சமாளிக்கப் பிள்ளைகளைப் பிடிப்பது தொண்டு ஆகாது; 2021 முதல் 16 வயதுக்குட்பட்டவரை வேலைக்கமர்த்துவதைச் சட்டமே தடுத்திருக்கிறது, 18 வயதுக்குட்பட்டவரை ஆபத்தான வேலையில் ஈடுபடுத்துவதும் தடை.

அனர்த்தக் காலத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1978 நவம்பர் 23 இன் சூறாவளியை முதியவர்கள் இன்னும் பேசுகிறார்கள். 2004 இன் கடல், 2011 ஜனவரி வெள்ளம், 2024 நவம்பர் வெள்ளம், 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி என்று எங்கள் நாட்காட்டியில் மாரி என்பது எப்போதும் அச்சத்தோடு வருகின்ற காலம். ஒவ்வொரு முறையும் இளைஞர்கள் தாமாகவே ஓடிவந்து சமைக்கிறார்கள், பொதி கட்டுகிறார்கள், தோணி தள்ளுகிறார்கள். அந்த மனம் பெரிது. ஆனால் பதின்ம வயதினரை வெள்ளநீருக்குள் இறக்கும் எந்த ஏற்பாட்டையும் நான் எதிர்க்கிறேன். 2024 நவம்பர் 26 இல் அயல் மாவட்டமான அம்பாறையின் காரைதீவில், வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அகப்பட்டுப் பிள்ளைகளை நாம் இழந்தோம். அவர்கள் தொண்டுக்குச் சென்றவர்கள் அல்லர். ஆயினும் ஓடும் நீரில் ஒரு பிள்ளையை நம்பிக்கையோடு அனுப்பக்கூடாது என்பதற்கு இதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு உரிய வேலை மழைக்கு முந்திய மாதங்களிலும், மழைக்குப் பின்னர் முகாமின் உள்ளேயும் இருக்கிறது. தனியே வாழும் முதியவர் எந்த வீட்டில் இருக்கிறார், சக்கர நாற்காலி தேவைப்படுபவர் யார், நிறைமாதக் கர்ப்பிணி யார், இன்சுலின் ஏற்றிக்கொள்பவர் யார் என்ற விவரம் கிராம உத்தியோகத்தரிடம் ஒவ்வொரு செப்டெம்பரிலும் புதிதாக இருக்க வேண்டும். வயதுவந்த ஒருவரோடு இரண்டு பிள்ளைகள் வீடுவீடாகச் சென்று அதைத் திரட்டலாம். திரட்டிய தாள் அன்றைக்கே உத்தியோகத்தரின் கைக்குப் போக வேண்டும், எவருடைய தொலைபேசியிலும் படமாகத் தங்கக்கூடாது. இடைத்தங்கல் முகாம்களில் வந்தவர்களைப் பதிவது, சிறு பிள்ளைகளுக்குக் கதை சொல்லி விளையாட்டுக் காட்டுவது, கையளிக்கப்பட்ட பொருட்களைக் கணக்கெழுதுவது ஆகியன 16 வயதுப் பிள்ளைக்கு முற்றிலும் பொருத்தமானவை. 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் வழிவந்த மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவு, இந்தப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முதலுதவியும் முன்னெச்சரிக்கைச் செய்திகளை விளங்கிக்கொள்ளும் முறையும் பயிற்றுவித்தால் போதும். முகநூலில் பரவும் பொய்ச் செய்தியை முதலில் இனங்காண்பவர்களும் அவர்களாகவே இருப்பார்கள்.

நூலகங்களில் சனிக்கிழமை வாசிப்பு வட்டம் நடத்துவது, அரசின் நலன்புரி உதவித் திட்டமான அஸ்வெசும போன்றவற்றின் விண்ணப்பங்களைக் கண்டு திகைத்து நிற்கும் முதியவருக்குப் பிரதேச செயலகத்திலேயே உத்தியோகத்தர் முன்னிலையில் வாசித்துக் காட்டுவது, ஊர்க் கோயில்களின் சிறப்புமலர் நூல்களையும் கூத்துக் கொப்பிகளையும் மின்வருடல் செய்து பாதுகாப்பது எனச் சொல்லிக்கொண்டே போகலாம். இடங்களைக் கண்டுபிடிப்பது கடினமன்று.

கடினமானது பெற்றோரின் அச்சம். இதை நிர்வாகம் வெளிப்படையாகப் பேச வேண்டும் என்று கேட்கிறேன். போர்க்காலத்தில் பதின்ம வயதுப் பிள்ளைகள் ஆயுதம் தூக்கச் சேர்க்கப்பட்ட மாவட்டம் இது. கூட்டத்துக்கு வரச்சொல்கிறார்கள், பெயர் எழுதுகிறார்கள் என்றாலே நெஞ்சு படபடக்கும் தாய்மார் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைப் பழைமைவாதிகள் என்று சொல்லிச் சிரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்த அச்சத்துக்குப் பேச்சால் மருந்திட முடியாது, ஒழுங்கால்தான் முடியும். பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் எவரையும் சேர்க்கக்கூடாது. இடமும் நேரமும் முன்கூட்டியே வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்தவோர் இடத்திலும் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனித்திருக்கக்கூடாது. பெண் பிள்ளைகள் செல்லுமிடத்தில் பெண் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். பிரதேச செயலகங்களிலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்கள் இதற்குப் பொருத்தமானவர்கள். முறைப்பாடு செய்வதற்குத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் ஒப்புதல் படிவத்திலேயே அச்சிடப்பட வேண்டும். கட்சி அரசியலுக்கு இந்த ஏற்பாட்டில் இடமில்லை என்பதும் அதிலேயே எழுதப்பட வேண்டும். தேர்தல் காலத்தில் பிள்ளைகளுக்கு ரீ-சேட் கொடுத்து ஊர்வலம் போகவைக்கும் வழக்கத்தை நாம் மறந்துவிடவில்லை.

வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரைப் பிள்ளைக்கு எளிதானது, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பிள்ளைக்கு எளிதன்று. மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்பட்ட பின்னர் பயணம் இலகுவாகியிருப்பது உண்மை. ஆனாலும் கடைசிப் பேருந்து போய்விட்டால் வீடு செல்ல வழியில்லாத ஊர்களும், பொழுதுபட்டபின் யானைக்கு அஞ்சி எவரும் நடமாடாத பாதைகளும் அங்கே இருக்கின்றன. ஆகவே வெல்லாவெளியிலும் பட்டிப்பளையிலும் வவுணதீவிலும் வாகரையிலும் இடங்கள் அந்தந்த ஊரிலேயே அமைய வேண்டும். நகரத்துக்கு வரவழைத்தால் பேருந்துக் கட்டணத்தை அழைப்பவரே கொடுக்க வேண்டும். கையில் காசு இல்லாத பிள்ளைக்குத் தொண்டு செய்யும் உரிமையும் இல்லை என்றாகிவிடக்கூடாது. ஆரையம்பதியும் காத்தான்குடியும், செங்கலடியும் ஏறாவூரும், வாழைச்சேனையும் ஓட்டமாவடியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தும், அவற்றின் பிள்ளைகள் வெவ்வேறு பாடசாலைகளில் படித்து, ஒருவர் பெயரை ஒருவர் அறியாமல் வளர்கிறார்கள். நல்லிணக்கம் என்று பெயரிட்ட கருத்தரங்குகளில் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை. ஒரே வாவிக்கரையில், ஒரே நாற்றுமேடைக்கு இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் முறைவைத்துத் தண்ணீர் ஊற்றட்டும்.

படிப்புக் கெடும் என்று பெற்றோரும் அதிபர்களும் சொல்வார்கள். கிழமைக்கு இரண்டு மணித்தியாலம், பரீட்சைக்கு முந்திய மூன்று மாதங்களில் முழு ஓய்வு என்று வரம்பிட்டால் அந்தக் கவலை தீரும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேற்றுக்கும் பின்னர் பல்கலைக்கழக அனுமதிக்கும் நீண்ட காலம் காத்திருக்கும் 19 வயதினர், இளையவர்களை வழிநடத்தும் பொறுப்பை ஏற்கலாம். தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் ஊடாக நடைபெறும் எடின்பரோ கோமகன் சர்வதேச விருதுத் திட்டத்தில் தொண்டு ஒரு கட்டாயப் பகுதி என்பதால், இந்த மணித்தியாலங்களை அதற்குக் கணக்கில் சேர்க்க வலயக் கல்விப் பணிமனைகள் வழி செய்யலாம். சான்றிதழுக்காக மட்டும் வருபவர்களும் வருவார்கள், வரட்டும். ஆனால் உயர்தரப் பரீட்சையின் இசற் புள்ளியைக் கொண்டு அனுமதி வழங்கும் நாட்டில், தொண்டுச் சான்றிதழ் பல்கலைக்கழகக் கதவைத் திறக்கும் என்று பிள்ளைகளை ஏமாற்ற வேண்டாம்.

இன்னொன்று, அலுவலகங்களுக்குச் சற்று உவப்பில்லாததாக இருக்கலாம். 1991 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12 ஆவது உறுப்புரை, தம்மைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துச் சொல்லவும் அக்கருத்து வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிக்கப்படவும் சிறுவருக்கு உரிமை உண்டு என்கிறது. வேலையை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்ளச் சொல்வது அதற்கு மாறானது. கன்றுகளை எண்ணிய பிள்ளை, எத்தனை செத்தன, ஏன் செத்தன என்று பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவின் முன் ஆண்டுக்கு இருமுறை பத்து நிமிடம் பேசட்டும். அந்தக் கேள்விகளுக்கு அடுத்த கூட்டத்தில் எழுத்தில் பதில் வரட்டும். சங்கடமான கேள்விகள் எழும். அவற்றைப் பொறுத்துக்கொள்ள ஆயத்தமில்லாத அலுவலகம் பிள்ளைகளை அழைக்காமல் இருப்பதே நல்லது.

ஆகவே, மாரி தொடங்குமுன், செப்டெம்பர் 30 ஆம் திகதிக்குள், ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவும் தன் தொண்டர் இடங்களின் பட்டியலை வெளியிடவேண்டும் என்று வேண்டுகிறேன். முதலாண்டில் ஐந்து இடங்கள் மட்டுமே இருந்தாலும் குறையில்லை. ஒவ்வோர் இடத்துக்கும் நேரே வேலை, நேரம், வயதெல்லை, பொறுப்பான உத்தியோகத்தரின் பெயர், அவரை எந்த நாளில் எத்தனை மணிக்குச் சந்திக்கலாம் என்பன இருக்க வேண்டும். பட்டியல் சுற்றறிக்கையாகி அதிபரின் மேசையோடு நின்றுவிடாமல் வகுப்பறைகளுக்குப் போகட்டும். கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும், சந்தையிலும், கோயில், பள்ளிவாசல், தேவாலய அறிவித்தற் பலகைகளிலும் அதை ஒட்டுங்கள். ஏனெனில் பாடசாலையை இடைநடுவில் விட்டுவிட்ட பிள்ளைகளுக்கும் இந்த இடங்கள் உரியவை, அவர்கள் இருக்கும் இடத்துக்குச் சுற்றறிக்கை போவதில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மட்டக்களப்பு.