ஆண்டறிக்கை 2025–26: குடியிருப்போர் நலச்சங்கமும் பிள்ளைகளின் ஞாயிறு கைவேலையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிர்வாகக் குழு உறுப்பினர்களே, மூன்று தெருக்களிலிருந்தும் வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை நம் சங்கத்தில் நடந்தவற்றைச் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன்.

வழக்கமான பணிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது தெருவில் எரியாமல் இருந்த தெருவிளக்குகளுக்கு மனு கொடுத்தோம், எரிகின்றன. மழைக்கு முன்பு சாக்கடை தூர் வாரப்பட்டது. தெருநாய்கள் பற்றி இரண்டு முறை மனு கொடுத்திருக்கிறோம். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரண்டு நாளும் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு வந்தவர்களுக்கு நீர்மோர் கொடுத்தோம். பொங்கல் கோலப்போட்டி நடந்தது. நிர்வாகக் குழு ஒன்பது முறை கூட்டப்பட்டது. அதில் ஐந்து முறை போதுமான உறுப்பினர்கள் வராததால் வந்தவர்கள் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்த ஆண்டு புதிதாகத் தொடங்கியது ஞாயிற்றுக்கிழமைக் கைவேலை. நவம்பர் மாதக் குழுக் கூட்டத்தில், “சங்கப் பணத்தில் சமையல் வகுப்பு எதற்கு?” என்று ஒரு கேள்வி வந்தது. அன்றைக்குப் பதில் சொல்ல நேரம் போதவில்லை. அதனால் இங்கே விரிவாகவே சொல்கிறேன்.

போன கோடை விடுமுறையில் ஒரு மதியம் நான் மாடியிலிருந்து பார்த்தேன். ஒரே வாசற்படியில் ஆறு பிள்ளைகள். ஆறு பேரும் ஒரே போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு மாடியில் அந்த வீட்டுப் பாட்டி தனியாக வடாம் பிழிந்துகொண்டிருந்தார். கீழே ஆறு பேர் சும்மா இருக்கிறார்கள், மேலே ஒருவருக்குக் கை போதவில்லை. இந்த யோசனை அங்கேதான் பிறந்தது.

முதலில் ஒரு மண்டபத்தின் முன்கூடத்தைக் கேட்டிருந்தோம். தருகிறோம் என்றார்கள். நாங்கள் போன அன்று பூட்டியிருந்தது, போன் எடுக்க ஆளில்லை. பிள்ளைகள் பையும் தட்டுமாக வெயிலில் நின்றார்கள். சரி, வாருங்கள் என்று அந்தப் பாட்டி வீட்டு மாடிக்கே கூட்டிப் போய்விட்டேன். அன்று மே 4, அக்னி நட்சத்திரம் தொடங்கிய நாள். அப்படித்தான் ‘வாரம் ஒரு வீடு’ என்ற முறை வந்தது. இப்போது யோசித்தால் மண்டபம் கிடைக்காததே நல்லது என்று தோன்றுகிறது. வீட்டு அடுப்பில், வீட்டுக் கரண்டியில் கற்றுக்கொண்டதைத்தான் பிள்ளைகள் திரும்பத் தாங்களாகவே செய்து பார்க்கிறார்கள்.

ஜவ்வரிசிக்குப் பேர்போன சேலத்தில் இருந்துகொண்டு, ஜவ்வரிசி எதிலிருந்து வருகிறது என்று கேட்டதற்குப் பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவனுக்குத்தான் மரவள்ளிக்கிழங்கு என்று சொல்லத் தெரிந்தது. வடாம் செய்ய ஒரு டம்ளர் ஜவ்வரிசியை இரவே ஊறவைத்து, நாலு டம்ளர் தண்ணீரில் கண்ணாடி மாதிரி வரும் வரை காய்ச்சி, உப்பு, அரைத்த பச்சைமிளகாய், பெருங்காயம் சேர்த்து, கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். காய்ச்சியது பாட்டி. ஆறிய பிறகு பழைய வேட்டியில் கரண்டியால் வட்டம் வட்டமாக ஊற்றியது பிள்ளைகள். காக்காய்க்குக் காவலாகக் கருப்புக் குடையை விரித்து வைத்தார்கள். முறை போட்டுக்கொண்டு இரண்டு நாள் காவல் இருந்தார்கள். எடுக்கும்போது பாதி துணியோடு ஒட்டிக்கொண்டது. ஒரு பையனுக்கு அழுகையே வந்துவிட்டது. பாட்டி துணியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் தாமாகவே உரிந்து வந்தன. அந்தப் பையன் இன்று வரை எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அடுத்தது ஆடி 1, தேங்காய் சுடும் நோம்பி. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கம் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் நம் தெருக்களில் வேலைக்காக வெளியூரிலிருந்து வந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு இது புதிது. பாரதப் போர் ஆடி முதல் நாள் தொடங்கிப் பதினெட்டு நாள் நடந்தது, போர் நல்லபடி முடிய வேண்டிப் பிள்ளையாருக்குச் சுட்ட தேங்காய் படைத்தார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். இந்தக் கதையை மூன்றாவது தெருத் தாத்தா பிள்ளைகளுக்குச் சொன்னார்.

அன்று வியாழக்கிழமை. தேங்காய்களை முந்தைய ஞாயிறே கொடுத்துவிட்டேன். நார் முழுக்கப் பிய்த்து, ஓட்டைச் சொரசொரப்பான தரையில் தேய்த்து வழுவழுப்பாக்கிக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் வேலை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை நாலு நாளும் பள்ளி விட்டு வந்து வாசல் கல்லில் தேய்த்திருக்கிறாள். கொண்டுவந்தபோது அந்தத் தேங்காய் எண்ணெய் பூசியது போல் இருந்தது. “இதைச் சுட்டால் கருத்துப்போய்விடுமே அத்தை” என்று கேட்டாள். ஆமாம் கண்ணு, கருக்கத்தான் செய்யும் என்றேன். கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்துவிட்டு, அப்புறம்தான் கொடுத்தாள்.

மூன்று கண்ணில் ஒன்றைத் திறந்து தண்ணீரை டம்ளரில் வடித்துக்கொண்டோம். வறுத்த பாசிப்பயறு, பொட்டுக்கடலை, எள், அவல், பொடித்த வெல்லம், துளி ஏலக்காய் எல்லாவற்றையும் கலந்து பிள்ளைகளே விரலால் தள்ளித் தள்ளி நிரப்பினார்கள். முக்கால் பங்குக்கு மேல் வேண்டாம் என்று சொன்னேன், பயறு உள்ளே ஊதும். வடித்த தண்ணீரில் கொஞ்சம் திரும்ப ஊற்றி, சின்னக்கடை வீதியில் வாங்கிய அழிஞ்சி குச்சியின் சீவிய முனையால் கண்ணை அடைத்தோம். ஓட்டுக்கு மஞ்சள் பூசினோம். வாசலில் சுள்ளி போட்டுத் தீ மூட்டி, குச்சியைப் பிடித்துத் திருப்பித் திருப்பிச் சுட்டோம். அரை மணி நேரத்தில் ஓடு வெடித்து வெல்லமும் தேங்காயும் சேர்ந்த வாசனை தெரு முழுக்க வந்தது. மகளை அழைத்துப் போக வந்த ஒரு தகப்பனார் செருப்பைக் கூடக் கழற்றாமல் குச்சியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். எட்டு மணிக்குத்தான் எழுந்தார்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அன்று பதினேழு பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் நாங்கள் நாலு பேர்தான். பக்கத்தில் மணலும் இரண்டு குடம் தண்ணீரும் வைத்திருந்தேன், பருத்தித் துணிதான் போட்டுவர வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன். எதுவும் ஆகவில்லை. ஆனால் தீ பக்கத்தில் இரண்டு பிள்ளைக்கு ஒரு பெரியவர் இருக்க வேண்டும். பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு, “எத்தனை மணிக்கு முடியும்?” என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களை நான் ஆண்டு முழுக்கப் பார்த்தேன். இது டியூஷன் இல்லை. கூட உட்கார்ந்து செய்தால்தான் அடுத்த வாரம் உங்கள் வீட்டில் அது நடக்கும். அதற்காகத்தான் இதைத் தொடங்கினேன்.

விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார். பானை செய்கிறவரிடம் வாங்கிய மண்ணைக் கல் பொறுக்கிப் பிசைந்தோம். கை, கால், தும்பிக்கையை அப்படியே ஒட்டினால் காய்ந்ததும் விழுந்துவிடும். இரண்டு பக்கமும் கீறிவிட்டு, மண்ணைக் கூழாகக் கரைத்துத் தடவி ஒட்ட வேண்டும். வெயிலில் வைக்காமல் நிழலில் உலர்த்தினால் வெடிப்பு குறையும். கண்ணுக்குக் குன்றிமணி வைப்பது வழக்கம்தான். ஆனால் அது விஷம், சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுக் கடித்துவிட்டால் ஆபத்து. அதனால் மிளகு வைத்தோம். பார்க்க நன்றாகவே இருந்தது. அன்று பிள்ளைகள் கை கழுவியதில் ஒரு வீட்டுத் தொட்டிக் குழாய் அடைத்துக்கொண்டது. அது என் கவனக்குறைவு. பிளம்பருக்கு ஆன செலவை என் கையிலிருந்து கொடுத்துவிட்டேன், சங்கக் கணக்கில் எழுதவில்லை. அதன் பிறகு வாளித் தண்ணீரில்தான் கழுவுகிறோம், தெளிந்த பிறகு செடிக்கு ஊற்றிவிடுகிறோம்.

கொலுவுக்கு முன் செப்டம்பர் 14 அன்று பழைய செய்தித்தாளில் தாம்பூலக் கவர் செய்தார்கள். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது, ஆனாலும் நாம் கேரி பேக்கில்தான் வெற்றிலை பாக்கு கொடுத்துக்கொண்டிருந்தோம். இந்த முறை ஐந்து வீட்டுக் கொலுவில் பிள்ளைகள் செய்த கவர்தான். ஒட்டுவதற்கு மசித்த சோறு. அச்சு மை ஒட்டும் என்பதால் சுண்டல், பலகாரம் அதில் வைக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தோம், அதற்கு வாழை இலை. அன்றே ஒரு தட்டில் மண் பரப்பி வெந்தயமும் கேழ்வரகும் தூவினார்கள். கொலு வைத்த அன்று பொம்மைகளுக்கு நடுவில் பச்சைப் புல்வெளி தயாராக இருந்தது.

சின்னப் பிள்ளைகளுக்கு அடுப்பில்லாத சமையலாகத் தட்டுவடை செட். ஒரு தட்டுவடை, மேலே புதினா சட்னி, துருவிய கேரட், பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம், எலுமிச்சைச் சாறு, அதன் மேல் காரச் சட்னி தடவிய இன்னொரு தட்டுவடை. நாலு வயதுக் குழந்தை கூடச் செய்துவிடும். வீட்டில் பீட்ரூட்டைத் தொடாத பிள்ளைகள் மூன்று செட் சாப்பிட்டதை அவர்களின் தாய்மார்களே பார்த்தார்கள். பூவரசு இலையில் பீப்பி, பிடிகொழுக்கட்டை, கத்திக்கப்பல் எல்லாம் நடந்தன. நேரம் கருதி விடுகிறேன்.

மொத்தம் 22 ஞாயிறுகள், அதோடு அந்த ஆடி வியாழன். களிமண், கத்தரிக்கோல், வண்ணம், பாய் என்று இதற்காகச் சங்கத்திலிருந்து எடுத்தது 1,460 ரூபாய். ஒரு ஞாயிறுக்கு 70 ரூபாய் கூட ஆகவில்லை. அரிசி மாவு, வெல்லம், தேங்காய் எல்லாம் அந்தந்த வீட்டார் கொடுத்தது. நவம்பரில் கேட்கப்பட்ட கேள்விக்கு இதுவே என் பதில். பில்கள் கோப்பில் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம்.

மற்ற வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வங்கியில் சென்ற ஆண்டை விடச் சற்றுக் குறைவாக இருக்கிறது. பொங்கல் செலவு கொஞ்சம் கூடிவிட்டது. ஆனால் இருப்பு குறைந்ததற்கு முக்கியக் காரணம் சந்தா பாக்கி. 58 வீடுகளில் 21 வீடுகள் பாக்கி, அதில் ஏழு வீடுகள் ஓராண்டுக்கும் மேல். மாதம் 50 ரூபாய்தான். நான் வசூலுக்கு வரும்போது, “அப்புறம் ஜி-பேயில் போடுகிறேன்” என்று சொல்கிறவர்களை நம்பித்தான் திரும்புகிறேன். பெயர் வாசிக்க எனக்கு மனமில்லை. வாசிக்கவும் மாட்டேன்.

கூட்டத்துக்கு வராத குழு உறுப்பினர்களிடமும் ஒரு வேண்டுகோள். வேலை எல்லோருக்கும் இருக்கிறது. வர முடியாவிட்டால் ஒரு நாள் முன்பு சொன்னால் போதும், வந்தவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

தலைவர், பொருளாளர் இருவருக்கும் நன்றி. கூட்டத்துக்கு நாற்காலி கொடுத்து உதவியவர்களுக்கும், ஒலிபெருக்கி அமைத்த தம்பிக்கும், மாதா மாதம் நோட்டீஸ் ஒட்டிய மாணவர்களுக்கும் நன்றி. வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட பதினொரு குடும்பங்களுக்கும் தனியாக நன்றி. எண்ணெய்க் கறையும் மண்ணுமாக நாங்கள் விட்டுப்போன தரையை அவர்கள்தான் துடைத்தார்கள்.

வரும் ஆண்டைப் பற்றி. செயலாளர் பொறுப்பில் எனக்கு இது நாலாவது ஆண்டு. முழங்கால் வலியோடு மாடி ஏறி இறங்குவது முன்பு போல் முடியவில்லை. வேறு யாராவது முன்வந்தால் சந்தோஷமாக ஒப்படைப்பேன். யாரும் வராவிட்டால் தொடர்கிறேன், ஆனால் தனியாக முடியாது. மாதம் இரண்டு ஞாயிறு, ஞாயிறுக்கு ஒரு வீடு, வீட்டுக்கு இரண்டு பெரியவர்கள். இவ்வளவுதான் தேவை. சமைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை, பிள்ளையோடு தரையில் உட்கார்ந்தால் போதும். பனை ஓலையில் கிலுகிலுப்பை பின்னத் தெரிந்த ஒரு பெரியவர் நாலாவது வீட்டுக்குக் குடிவந்திருக்கிறார். சொல்லித் தருகிறேன் என்று அவரே சொன்னார். ஓலை கொண்டுவர வண்டி வேண்டும்.

மே 3 ஞாயிறு காலை ஆறு மணிக்கு வடாம். போன முறை கொடுத்த பாட்டி இந்த முறை ஊருக்குப் போயிருக்கிறார், அதனால் மாடி ஒன்று தேவை. வேட்டி என்னிடம் இருக்கிறது, கருப்புக் குடை இரண்டு வேண்டும். பெயர் எழுதும் நோட்டும் சந்தா ரசீதுப் புத்தகமும் வாசல் பக்க மேசையில் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

வணக்கம்.

செயலாளர்
சேலம், ஏப்ரல் 2026