பழைய பாய்மரப் படகுக்கும் வழி விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

படகுகளைக் கட்டி நிறுத்தும் துறையான மரினா நெரிசலாக இருக்கும்போது, அதற்குள் பழைய பாய்மரப் படகுகளை விடவே கூடாது என்ற பேச்சு பினாங்கில் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. அத்தகைய படகில் சுக்கான் பிடிப்பவன் நான். அந்தப் பேச்சு நியாயமற்றது.

அடியில் ஏரா, அதாவது முதுகெலும்பு போன்ற கட்டை, நீளமாக ஓடும் பழைய படகு, நேராகப் போவதற்கென்றே கட்டப்பட்டது. கடலில் அது பெரும் பலம். குறுகிய இடத்தில் திரும்பும்போது அதுவே சிரமம். சுக்கான் பேச்சைக் கேட்க வேண்டுமானால் அதன் மேல் தண்ணீர் பாய வேண்டும். மெதுவாகப் பின்னோக்கி வரும்போது அந்தப் பாய்ச்சல் கிடைப்பதில்லை. போதாததற்கு, முன்கியரில் உந்துவிசிறி (புரொப்பெல்லர்) வலப்பக்கமாகச் சுழலும் படகில் பின்கியர் போட்டவுடன் பின்பகுதி இடப்பக்கம் இழுக்கும். பழகியவர்கள் அதையே பயன்படுத்திக்கொள்வார்கள். சுக்கானை வலப்பக்கம் முழுவதும் திருப்பிவிட்டு, முன்கியரில் ஓர் உந்து, பின்கியரில் ஓர் இழுப்பு, மீண்டும் ஓர் உந்து என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால், படகு வேகமெடுக்காமல் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே வலப்பக்கம் திரும்பிவிடும்.

முகப்பைப் பக்கவாட்டில் தள்ளத் தனி மோட்டார் வைத்திருக்கும் புதிய படகுக்காரர்களுக்கு இது தடுமாற்றமாகத் தெரிகிறது. ஹாரன் அடிக்கிறார்கள்; குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறார்கள். பாதியில் நிறுத்தினால் காற்று முதலில் முகப்பைத்தான் அடித்துத் தள்ளும். பிறகு யார் நினைத்தாலும் பிடிக்க முடியாது.

உதவிக்கு ஓடி வருபவர்களின் நல்ல மனத்தை மதிக்கிறேன். ஆனால் அவர்கள் கையில் முதலில் சிக்குவது முன்கயிறு. அதை இழுத்தால் முகப்பு, படகு கட்டும் மேடையில் மோதும், பின்பகுதி பக்கத்துப் படகின் மேல் போய் விழும். படகின் நடுவிலிருந்து வீசும் கயிற்றை வாங்கி, மேடையில் பின்னால் இருக்கும் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றினாலே போதும். மீதியை மோட்டாரும் சுக்கானும் பார்த்துக்கொள்ளும். இழுக்க வேண்டாம். பல டன் எடையுள்ள படகைக் காலால் தடுக்கவும் வேண்டாம், எலும்பு நொறுங்கிவிடும்.

பினாங்கு நீரிணையில் கடல்நீரின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏற்ப நீரோட்டம் திசை மாறுகிறது. ஓட்டம் தணியும் வேளை பார்த்து உள்ளே வர எங்களை அனுமதிக்க வேண்டும். எங்களுக்கு வெளி ஓரத்தில் கட்ட இடம் தந்தால், உள்ளே இருப்பவர்களுக்கும் தொல்லை இராது. மரினா நிர்வாகங்கள் இந்த இரண்டையும் செய்து தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பாய்மரப் படகோட்டி ஒருவர்,
தஞ்சோங் பூங்கா, பினாங்கு.