ஆசிரியருக்குக் கடிதம்: தனியாள் நாயகனை ஏன் விடாமல் படிக்கிறோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் ஓடிடி தொடர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தன்னந்தனியாக ஓர் ஊருக்குள் வந்து பத்துப் பேரைப் புரட்டிப் போடும் நாயகனுக்கு இவ்வளவு கூட்டம் சேர்வதற்கு அடிதடி மோகம்தான் காரணம் என்று அது தீர்ப்பு எழுதிவிட்டது. அதில் உதாரணமாகக் காட்டப்பட்ட ஜாக் ரீச்சர் வரிசையை நாவல்களாகப் படித்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒவ்வொரு நாவலிலும் அடிதடி நடக்கும் பக்கங்கள் சொற்பம். மீதிப் பக்கங்களில் ஒரு மனிதன் யோசிக்கிறான். அவன் யோசிப்பதைப் பார்க்கத்தான் வாசகர் திரும்பத் திரும்ப வருகிறார். அது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல இடம் தர வேண்டுகிறேன்.

இந்த வரிசையை எழுதிய லீ சைல்ட் என்பது புனைபெயர். இயற்பெயர் ஜிம் கிராண்ட். 1954-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் பிறந்தவர். மான்செஸ்டரில் இருந்த கிரனாடா தொலைக்காட்சியில் ஒளிபரப்புப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். 1995-இல் ஆட்குறைப்பில் வேலை போனது. காகிதமும் பென்சிலும் வாங்கிவந்து எழுத உட்கார்ந்தார். 1997-இல் வந்த 'கில்லிங் ஃப்ளோர்' அப்படிப் பிறந்த நாவல். இந்தத் தொலைக்காட்சி அனுபவத்தைக் கட்டுரையாளர் கவனித்திருந்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்திருக்கும். ரிமோட் வீடுகளுக்குள் நுழைந்த பிறகு, விளம்பர இடைவேளையில் சேனல் மாற்றுவது எளிதாகிவிட்டது. பார்ப்பவரைப் பிடித்து வைக்க நிலையங்கள் கண்டுபிடித்த வழி மிகச் சாதாரணமானது: இடைவேளைக்கு முன் ஒரு கேள்வியைப் போடு, முடிந்ததும் பதிலைச் சொல். விடை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கேள்வி காதில் விழுந்தவர் எழுந்து போவதில்லை. லீ சைல்ட் இந்த உத்தியை அப்படியே நாவலுக்குக் கொண்டுவந்தார்.

முதல் நாவலின் தொடக்கத்தைப் பாருங்கள். ஜார்ஜியா மாநிலத்தில் மார்கிரேவ் என்ற சிற்றூர். நண்பகல் பன்னிரண்டு மணி. சிறிய உணவகம் ஒன்றில் முட்டையும் காபியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவனைத் துப்பாக்கி முனையில் கைது செய்கிறார்கள். யார் இவன்? எதற்காகக் கைது? இவ்வளவு சுத்தமான, பணம் கொழிக்கும் ஊரில் வியாபாரமே நடப்பதாகத் தெரியவில்லையே, பணம் எங்கிருந்து வருகிறது? மூன்று கேள்விகளும் வேறு வேறு தூரத்தில் விடை பெறுகின்றன. முதல் கேள்விக்குச் சில பக்கங்களில், இரண்டாவதற்குச் சில அத்தியாயங்களில், மூன்றாவதற்குக் கடைசிப் பகுதியில். சிறிய கேள்வி ஒன்று தீர்வதற்குள் இன்னொன்று எழுந்துவிட வேண்டும். பெரிய கேள்வி கடைசிவரை நிற்க வேண்டும். சொல்லிவிடலாம், செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். அந்த நாவலின் பெரிய கேள்வி கள்ளநோட்டைப் பற்றியது. கள்ளநோட்டு அடிப்பவனுக்கு மை கிடைக்கும், அச்சுத்தகடு செய்யவும் ஆள் கிடைப்பான். பருத்தியும் லினனும் கலந்த அந்த டாலர் தாள்தான் வெளியில் கிடைக்காது. அப்படியானால் தாளுக்கு என்ன செய்தார்கள்? நாயகன் அதைக் கண்டுபிடிக்கும் இடம் எந்தச் சண்டையையும்விட மேலானது. படிக்காதவர்களுக்காக விடையை விட்டுவிடுகிறேன்.

இனி நாயகன் ஜாக் ரீச்சர். அமெரிக்க ராணுவக் காவல் பிரிவில் மேஜராக இருந்து விலகியவர். உயரம் ஆறடி ஐந்து அங்குலம், எடை 113 கிலோ அளவில். வீடு, கார், பெட்டி, கைப்பேசி எதுவும் கிடையாது. சட்டைப்பையில் மடக்கும் பல்துலக்கி ஒன்று. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அடையாள அட்டை இல்லாமல் அமெரிக்காவில் நடமாட முடியாமல் போனதால், வங்கி அட்டையும் காலாவதியான பாஸ்போர்ட்டும் சேர்ந்துகொண்டன. மலிவான துணி வாங்கி மூன்று நாள் உடுத்தி எறிந்துவிட்டு வேறு வாங்குகிறார். பேன்ட்டை இரவில் மெத்தைக்கடியில் வைத்து மடிப்பு எடுக்கிறார்.

இதையெல்லாம் வெறும் விசித்திரம் என்று கடந்துபோகிறோம். ஒவ்வொரு 'இல்லை'யும் கதைக்கு ஒரு வேலை செய்கிறது. வீடு இல்லாததால் வில்லன் தேடிப்போக முகவரி இல்லை. மோதல் நடந்தாக வேண்டிய இடம் அந்த ஊர்தான். மனைவி மக்கள் இல்லாததால், குழந்தையைக் கடத்தி நாயகனை மிரட்டும் புளித்துப்போன காட்சிக்கு வழியே இல்லை. ஆபத்து முன்பின் தெரியாத அந்நியர்களுக்கு வருகிறது. தனக்கு எந்த உறவுமில்லாத அந்நியருக்காக ஒருவர் நிற்கும்போதுதான் வாசகரின் மனம் இளகுகிறது. கைப்பேசி இல்லாததால் ஒவ்வொரு தகவலுக்கும் நடந்து போய் யாரையாவது கேட்க வேண்டும். கடைக்காரர், நூலகர், மோட்டல் வரவேற்பாளர் என்று ஊர் முழுக்கக் கதைக்குள் வந்துவிடுகிறது. கையில் ஒரு ஸ்மார்ட்போனைக் கொடுத்துப் பாருங்கள், பாதி நாவல் காணாமல் போகும். நம்மூர் இணையத் தொடர்கள் பலவற்றில் கணினி நிபுணரான நண்பன் ஒருவன் இருந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிறான். கதை செத்துப்போவது அங்கேதான்.

தோற்கவே மாட்டார் என்று தெரிந்த ஆளிடம் என்ன பரபரப்பு இருக்க முடியும் என்று கட்டுரையாளர் கேட்கிறார். நியாயமான கேள்வி. 'ஜெயிப்பாரா' என்ற கேள்வியை இந்த வரிசை கேட்பதே இல்லை. 'இங்கே என்ன நடக்கிறது, அது எப்போது வெடிக்கும்' என்பதுதான் கேள்வி. 2010-இல் வந்த '61 ஹவர்ஸ்' தெற்கு டகோட்டாவின் கடுங்குளிரில் நடக்கிறது. ஏதோ நடப்பதற்குச் சரியாக அறுபத்தொரு மணி நேரம் இருக்கிறது என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். என்ன நடக்கும் என்று மட்டும் சொல்வதில்லை. அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'கான் டுமாரோ' நியூயார்க் சுரங்க ரயிலில் நள்ளிரவு தாண்டித் தொடங்குகிறது. தற்கொலைத் தாக்குதலாளியை அடையாளம் காணும் பட்டியல் ஒன்று நாயகனுக்கு மனப்பாடம்: ஆணுக்குப் பன்னிரண்டு அறிகுறி, பெண்ணுக்குப் பதினொன்று. எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் அவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார். யாரும் யாரையும் தொடவில்லை. பெட்டிக்குள் ஒருவர் ஒருவரைப் பார்க்கிறார், அவ்வளவுதான். மூச்சு முட்டும் அத்தியாயம் அது.

அடிதடியே வந்தாலும் அது கணக்காகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஐந்து பேர் சூழ்ந்துகொண்டால் முதலில் தூரம், வெளிச்சம், தரை, வெளியேறும் வழி. பிறகு தலைவன் யார் என்பது, பெரும்பாலும் பேசுகிறவன்தான். அவனைச் சாய்த்துவிட்டால் விசுவாசத்துக்காக ஒன்றிரண்டு பேர் பாய்வார்கள், மற்றவர்கள் ஓடுவார்கள். ஆகவே ஐந்து என்பது உண்மையில் மூன்று. முஷ்டியை அவர் அதிகம் நம்புவதில்லை, முழங்கைதான். இதில் மருத்துவ நியாயம் இருக்கிறது: மண்டையோட்டில் ஓங்கிக் குத்தினால் முதலில் நொறுங்குவது குத்தியவரின் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள மெல்லிய கையெலும்பு. எலும்பு மருத்துவர்களுக்கு நன்கு பழகிய முறிவு இது. ஒரு விநாடியில் முடியும் அடியை ஒரு பக்கத்துக்கு இழுத்து எழுதுவதும், ஒரு நாள் பேருந்துப் பயணத்தை ஒரே வரியில் முடிப்பதும் இவர் கைப்பழக்கம். நகலெடுப்பவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். அடி படபடவென்று விழுகிறது, நாயகன் நடந்து வருவதற்கு இரண்டு நிமிடம் பின்னணி இசை ஒலிக்கிறது.

தனியாள் கதையில் உள்ள பெரிய சிக்கலைத் தமிழ் வாசகர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். யோசிப்பதை யாரிடம் சொல்வது? நம் துப்பறியும் கதைகள் இதற்கு ஜோடியைக் கண்டுபிடித்தன. சுஜாதாவின் கணேஷ் முதலில் தனியாகத்தான் வந்தார், பின்னர் வஸந்த் சேர்ந்தார். பட்டுக்கோட்டை பிரபாகருக்குப் பரத்–சுசீலா, சுபாவுக்கு நரேந்திரன்–வைஜயந்தி, ராஜேஷ்குமாருக்கு விவேக்–ரூபலா. ஒருவர் கேட்க மற்றவர் சொல்ல, துப்பு வாசகருக்குப் புரிந்துவிடும். நடுவே ஒரு சீண்டலும் சிரிப்பும். பேருந்து நிலையக் கடையில் வாங்கி ஊர் போய்ச் சேர்வதற்குள் முடிக்கும் மாத நாவலுக்கு இது கச்சிதமான வடிவம். லீ சைல்ட் வேறு வழி எடுத்தார். ஒவ்வொரு நாவலிலும் ஒரு தற்காலிகத் துணை உண்டு; முதல் நாவலில் ராஸ்கோ என்ற பெண் காவலரும் ஃபின்லே என்ற துப்பறியும் அதிகாரியும். நாவல் முடிந்ததும் துணை ஊரில் தங்கிவிடும், நாயகன் பேருந்து ஏறிவிடுவார். துணை இல்லாத நேரங்களில் சின்னச் சின்ன வாக்கியங்களாக யோசனை ஓடும்.

திரையில் அந்த யோசனையைக் காட்ட முடியாது. 2022-இல் அமேசான் பிரைமில் ஆலன் ரிட்ச்சன் நடித்து வந்த தொடர், முதல் நாவலை எட்டுப் பகுதிகளாக எடுத்தபோது, அந்த நாவலில் இல்லவே இல்லாத நீக்லி என்ற பழைய சகாவை உள்ளே கொண்டுவந்தது. புத்தகங்களில் அவர் 2002-இல்தான் முதன்முதலாக வருகிறார். மூலத்தை மீறியதாக இதைச் சிலர் குறைப்படுவதுண்டு. என் கணிப்பில் மிகச் சரியான முடிவு. டாம் குரூஸ் நடித்த 2012, 2016 படங்களில் உயரம் பொருந்தவில்லை என்று வாசகர்கள் கொதித்ததும் நியாயமே. உள்ளே வந்தவுடன் அறையே கணக்குப் போட்டுப் பார்க்கும் உடம்பு அது. பல காட்சிகளில் சண்டை நடக்காமல் போவதற்கே அந்த உடம்புதான் காரணம்.

இந்த வரிசையில் குறைகளும் உண்டு. நாயகன் தற்செயலாக இறங்கிய ஊரிலேயே அவர் அண்ணன் கொலையாகிக் கிடப்பது முதல் நாவலின் பலவீனம்; வேகத்தில் மறந்துவிடுகிறோம், மூடி வைத்துவிட்டு யோசித்தால் உறுத்துகிறது. 1960-இல் பிறந்ததாகச் சொல்லிவிட்டதால் வயதும் இடிக்கிறது. ராணுவ நாட்களுக்குப் பின்னோக்கிப் போகும் நாவல்களால் அதைச் சமாளித்தார்கள். 2020 முதல் லீ சைல்ட் தன் தம்பி ஆண்ட்ரூவுடன் சேர்ந்து எழுதியவற்றில் பழைய வரிகளின் தாளம் எனக்குக் கிடைக்கவில்லை. வில்லன் உள்ளூர் ஆளாக இருக்கும்போது கதை இறுகுகிறது. உலக அளவுச் சதி வந்தால் தொய்கிறது.

விசாரணையே இல்லாமல் கொல்லும் நாயகனைக் கொண்டாடலாமா என்று கட்டுரை கேட்பதை மட்டும் நானும் மனமாரக் கேட்கிறேன். கதையில் குற்றவாளி யார் என்பதை ஆசிரியர் ஐயமறக் காட்டிவிடுகிறார். நிஜத்தில் எந்தக் காவல் அதிகாரிக்கும் அந்த உறுதி கிடைப்பதில்லை. அதே முதல் நாவலின் முதல் காட்சியில் செய்யாத கொலைக்காகத் துப்பாக்கி முனையில் நிற்பவர் ரீச்சரேதான். என்கவுன்டருக்குக் கைதட்டுகிறவர்கள் அந்தக் காட்சியை நினைக்க வேண்டும்: அன்று காவலர் விசையை அழுத்தியிருந்தால் வரிசையே இல்லை.

தங்கள் இதழிடம் ஒரு வேண்டுகோள். வாரத் தொடராக ஒரு தமிழ்த் தனியாள் நாயகனை எழுதச் சொல்லுங்கள். எழுதுபவரிடம் இவற்றையும் சொல்லுங்கள்: கதை ஒரே ஊரில் நடக்கட்டும், அந்த ஊருக்கென்று ஒரு தொழில் இருக்கட்டும், அந்தத் தொழிலுக்குள் குற்றம் ஒளிந்திருக்கட்டும். சிவகாசியோ கரூரோ தூத்துக்குடி உப்பளமோ, தொழில் நுணுக்கம் தெரிந்து எழுதினால் துப்பு தானாகக் கிடைக்கும். நாயகனுக்குப் பழைய பகை, இறந்த மனைவி, பழிவாங்கும் சபதம் எதுவும் வேண்டாம். முதல் வாரம் போட்ட கேள்விக்கு விடை கடைசி வாரத்துக்கு முன் வரக்கூடாது. ஒவ்வொரு வாரமும் ஒரு சிறிய விடையாவது வந்தாக வேண்டும். வெறும் 'தொடரும்' போட்டு ஏய்த்தால் வாசகர் நான்காம் வாரமே போய்விடுவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்.