உள்ளங்கையில் 14

அன்புள்ள எல்லோருக்கும்,

என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இன்றைக்கு மூன்றாம் நாள். முற்றத்து வேப்பமர நிழலில் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி, "ஆருக்கு எழுதுறாய்?" என்று கேட்கிறார். குழாய் போட்டிருந்த தொண்டை, குரல் இன்னும் கரகரக்கிறது. எல்லாருக்கும் என்றேன். "எல்லாருக்கும் எண்டு எழுதினால் ஆரும் வாசிக்க மாட்டினம்" என்கிறார். பழைய மனுஷன் திரும்பி வந்துவிட்டார் என்று அப்போதுதான் முழுதாக நம்பினேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். அந்த 11 நாட்களை முதலிலிருந்து சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நன்றி சொல்ல வேண்டிய பெயர்களை ஒரு கொப்பியில் எழுதிவைத்தேன், இரண்டு பக்கம் வந்தது. ஆனால் முதலில் சொல்ல வேண்டியவரின் பெயர் அந்த இரண்டு பக்கத்திலும் இல்லை. ஏனென்றால் அது எனக்குத் தெரியாது.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே காத்திருந்தவர்களுக்குத் தெரியும், அங்கே நமக்குப் பெயர் கிடையாது. கதவு திறக்கும், தாதி தலையை நீட்டி, "14ஆம் கட்டில் ஆக்கள் ஆர்?" என்பார். மருந்து வாங்க, கையெழுத்து வைக்க, இல்லாவிட்டால் நான் நினைக்கவே பயந்த அந்த மூன்றாவது காரணத்துக்காக. அந்தக் குரல் வரும்போது நான் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்ற பயத்தில் மூன்று இரவுகள் வாங்கில் நிமிர்ந்தபடியே இருந்தேன். முகம் கழுவப் போனாலும் ஓட்டமும் நடையுமாகத்தான் திரும்பி வருவேன். நான்காம் இரவு சுவர் அசைவது போல் இருந்தது.

சுவரோரம் ஓலைப்பாய் விரித்து ஓர் அம்மா இருந்தார். நெடுந்தீவு. நெற்றியில் திருநீறு, மடியில் ஒரு சீலைப் பை. அவருடைய மகன் 9ஆம் கட்டில். அதுவரை நாங்கள் பேசியதே இல்லை. எதிரெதிரே இருந்து கதவைப் பார்ப்போம், அவ்வளவுதான்.

"பிள்ளை, இஞ்சை வாங்கோ. பாய் அகலம். பாதியிலை படுங்கோ."

வேண்டாம் அம்மா, கூப்பிட்டால் கேட்காமல் போய்விடும் என்றேன்.

"நான் முழிச்சிருக்கிறன். கூப்பிட்டால் எழுப்பிறன். உங்கடை கட்டில் எத்தினை?"

சொன்னேன். இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு, "எனக்கு மறதி கூட, அந்தப் பேனையைத் தாங்கோ" என்று என் கையிலிருந்த பேனையை வாங்கி, இடது உள்ளங்கையை விரித்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு 14 என்று எழுதினார். பால்பொயின்ற் பேனை தோலில் சரியாக எழுதாது. ஒன்று விழுந்தது, நாலு விழவில்லை. மேலே மேலே கீறினார். நோகவில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டேனா என்று ஞாபகம் இல்லை, அதற்குள் நித்திரை.

விடிய ஐந்து மணிக்குக் கண் விழித்தேன். அவர் அப்படியே சுவரில் சாய்ந்தபடி கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மடியில் மல்லாந்து கிடந்தது. வியர்வையில் ஒன்று அழிந்து, நாலு மட்டும் நீலமாக ஊறிப்போய் இருந்தது.

நான் சின்ன வயதில் இருந்து கோயிலுக்குப் போகிறவள். 121ஆம் சங்கீதம் எங்கள் வீட்டில் பயணச் சங்கீதம். கொழும்புக்கு பஸ் ஏறினாலும், பரீட்சைக்குப் போனாலும் வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போவோம். "இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குகிறதுமில்லை தூங்குகிறதுமில்லை" என்ற வரியை எத்தனை ஆயிரம் தரம் சொல்லியிருப்பேன்! ஆனாலும் ஒருவர் முழித்திருக்கிறார், அதனால் நான் படுக்கலாம் என்று உடம்பு நம்பியது அந்த ஓர் இரவில்தான். ஏசாயாவில் ஓர் இடம் வரும்: "இதோ, என் உள்ளங்கைகளில் உன்னை வரைந்திருக்கிறேன்." அதை நான் இத்தனை நாளும் அழகான உவமை என்று நினைத்திருந்தேன். வரைவது லேசான வேலை இல்லை என்று இப்போது தெரிகிறது. மேலே மேலே கீற வேண்டும்.

அடுத்த இரவு முறை மாற்றினோம். என் கையில் 9 என்று எழுதிக்கொண்டு, "இண்டைக்கு நீங்கள் படுங்கோ அம்மா" என்றேன். பெரிய வீறாப்புத்தான். படுக்க முன் என்னைப் பார்த்து, "நீங்கள் வேதக்காரரோ பிள்ளை?" என்று கேட்டார். ஓம் என்றேன். "உங்கடை வேதத்திலை ஏதும் இருந்தால் சொல்லுங்கோ, கேட்டுக்கொண்டு படுக்கிறன்." சங்கீதத்தைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "நல்ல தமிழ்" என்றார். சைவம் காத்த ஆறுமுக நாவலரே பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதத்தைத் தமிழாக்க உதவிய ஊர் இது. நாங்கள் வாசிப்பது அந்த மொழிபெயர்ப்பு இல்லை, அது வேறு கதை. ஆனாலும் அந்தப் பாராட்டை நாவலருக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டேன்.

சரி, மீதியையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மணி போல நான் நித்திரையாகிப்போனேன். திடுக்கிட்டு எழும்பினால் அந்த அம்மா எழுந்து இருந்து கதவைப் பார்க்கிறார். வெட்கத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை. "கண் அசந்திட்டியள். அதுக்கென்ன, எனக்கு நித்திரை வரேல்லை" என்றார்.

கெத்செமனேயில் தூங்கிப்போன பேதுருவை நான் ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கதை கதையாய்ச் சொல்லியிருக்கிறேன். "நீங்கள் ஒரு மணி நேரமாவது என்னோடேகூட விழித்திருக்கக் கூடாதா?" என்று ஆண்டவர் கேட்பதை ஏதோ கண்டிப்பு மாதிரித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆஸ்பத்திரிச் சுவரோரம் அது வேறு மாதிரிக் கேட்டது. "நான் உங்களுடனேகூட இருக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்தவர், தனக்கும் ஒரு நாள் இரவு, கொஞ்சம் கூட இருங்கோ என்று மூன்று பேரைக் கேட்டவர். ஒருவரும் இருக்கவில்லை. அந்தத் தனிமை தெரிந்தவர் சொல்கிற "கூட இருக்கிறேன்" என்பதால்தான் அதில் எனக்குப் பிடிமானம்.

ஆறாம் நாள் மத்தியானம் நான் மருந்துக்கு வரிசையில் நின்று திரும்பி வந்தபோது பாய் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. மகனை அவசரமாக வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்களாம். அம்புலன்ஸில் தாயும் போய்விட்டார். வாசலில் நின்ற காவலாளித் தம்பி, சுருட்டிய பாயை என்னிடம் நீட்டினார். "14ஆம் கட்டில் பிள்ளையிட்டைக் குடுக்கட்டாம்."

அந்த அம்மாவின் மகனுக்கு என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது. அதனால், ஆண்டவர் எங்களோடு இருந்தார், அதனால் இவர் பிழைத்தார் என்று என்னால் சாட்சி சொல்ல முடியவில்லை. கோயிலில் சாட்சி சொல்லக் கேட்டவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஏரோது யாக்கோபை வாளால் கொல்லுகிறான். அதே அதிகாரத்தில் தூதன் வந்து பேதுருவைச் சிறையிலிருந்து கூட்டிக்கொண்டு போகிறான். யாக்கோபோடு ஆண்டவர் இருக்கவில்லை என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

இந்தக் கேள்வி எனக்கு இப்போது வந்ததில்லை. 1995இல், சண்டைக் காலத்தில், எனக்குப் பத்து வயது. யூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் அடைக்கலம் தேடி இருந்த சனத்தின் மேல் குண்டு விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ் குடாநாடே இடம்பெயர்ந்து எழும்பி நடந்த இரவில், மழைக்குள், நாவற்குழிப் பாலத்தை நோக்கி நெரிபட்டுப் போகும்போது அப்பப்பா 121ஆம் சங்கீதம் சொல்லிக்கொண்டே வந்தார். "கோயிலுக்குள்ளை இருந்த ஆக்களைக் கடவுள் பாக்கேல்லையா அப்பப்பா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. சங்கீதத்தையும் நிறுத்திவிட்டார். என் கையை மட்டும் விடவில்லை, சாவகச்சேரி வரைக்கும். மறுநாள் பார்த்தால் மணிக்கட்டில் அவருடைய விரல்கள் பதிந்திருந்தன.

இப்போது மற்றவர்களுக்கு வருகிறேன். இரவோடு இரவாக இரத்தம் கொடுக்க ஓடிவந்த தம்பிமார், பெயர் சொல்லக்கூடாது என்று சொன்ன அந்த ஓட்டோ அண்ணை, பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாய்ப் பார்த்த மச்சாள், ஆடு மாட்டையும் சேர்த்துப் பார்த்த பக்கத்து வீட்டு மாமி, கனடாவிலும் லண்டனிலும் நேரக் கணக்குப் பார்க்காமல் ஜெபித்தவர்கள், பள்ளிக்கூடத்தில் என் பாடங்களைப் பங்குபோட்டு எடுத்த ஆசிரியைகள், ஒவ்வொரு நாளும் வந்து அதிகம் பேசாமல் கையைப் பிடித்துவிட்டுப் போன எங்கள் குருவானவர், எல்லோருக்கும் கும்பிட்டு நன்றி. டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். புட்டும் முட்டைப்பொரியலும் பார்சல் கட்டித் தந்த சகோதரிகளே, எலியா சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று படுத்தபோது தூதன் பிரசங்கம் வைக்கவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, எழும்பிச் சாப்பிடு என்றான். அதுவும் இரண்டு தரம். நீங்கள் 11 நாளும் வைத்தீர்கள்.

விசுவாசம் போதாததால்தான் இப்படி வந்தது என்று வாங்கில் என் பக்கத்தில் இருந்து விளக்கம் சொன்ன ஒருவரும் உண்டு. அவருக்கும் நன்றி. வரும்போது பணிஸ் கொண்டுவந்தார்.

ஒன்று நேர்ந்துகொண்டிருக்கிறேன். இவர் தானாக எழுந்து நடக்கத் தொடங்கியதும் வெள்ளிக்கிழமை இரவுகளில் அந்தப் பிரிவின் வெளியே போய் இருக்கப்போகிறேன். வசன அட்டை கொண்டுபோவதாக இல்லை. ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி, ஒரு பாய், ஒரு பேனை. நல்லாக எழுதுகிற பேனையாக வாங்க வேண்டும். மூன்று மணிக்கு நித்திரை வந்தால் என்ன செய்வதென்று இன்னும் யோசிக்கவில்லை.

அந்தப் பாய் முன்னறையில் இருக்கிறது. ஈரத் துணியால் துடைத்து, வெயிலில் போட்டு, சுருட்டி, ஒரு துணிக்கீலத்தால் கட்டி வைத்திருக்கிறேன். ஓரம் முழுக்கச் சிவப்புச் சாயமிட்ட ஓலை, ஒரு மூலை மட்டும் பிரிந்திருக்கிறது. இதை வாசிக்கிறவர்களில் நெடுந்தீவு ஆட்கள் இருந்தால், குறிகட்டுவானில் படகு ஏறும்போது விசாரித்துப் பாருங்கள். மகனோடு பெரியாஸ்பத்திரியில் இருந்த அம்மா என்று கேளுங்கள். கண்டால், 14ஆம் கட்டில் வீட்டுக்கு வந்துவிட்டது என்று சொல்லுங்கள். 9ஆம் கட்டில் எப்படி என்று எனக்காகக் கேளுங்கள். இரவில் படுக்க முன் இன்றைக்கும் என் கையில் அந்த எண்ணை எழுதிக்கொள்கிறேன்.

பாய் என்னிடம்தான் இருக்கிறது, கொண்டுவந்து தருகிறேன் என்றும் சொல்லுங்கள்.