சுருக்கும்போது கணக்கை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இளைஞர்கள் அறிவியல் சாகசக் கதைகளை விரும்பி எடுக்கிறார்கள், துயரத்தில் முடியும் செவ்வியல் நாவல்களைப் பாதியிலேயே மூடிவிடுகிறார்கள் என்று உங்கள் நாளிதழின் வாசிப்புப் பக்கத்தில் வந்த கட்டுரை வருத்தப்பட்டிருந்தது. நூலகங்களில் அப்படி நடப்பது உண்மைதான். ஆனால் அதற்கு வாசகரின் ரசனையைக் குறை சொல்வதற்கு முன், அவர் கையில் கிடைத்த பதிப்பு எது என்று பார்க்க வேண்டும். நம்மிடம் புழங்கும் மொழிபெயர்ப்புகளில் பெரும்பகுதி சுருக்கப் பதிப்புகள். சுருக்குபவர் முதலில் கை வைப்பது எண்களில். எண்கள் போனால் சாகசம் வெறும் ஆர்ப்பாட்டம் ஆகிவிடும், துயரம் வெறும் அழுகாச்சி ஆகிவிடும். இரண்டு நாவல்களை எடுத்துக்கொண்டு இதை விளக்க விரும்புகிறோம்.

முதலில் ஜூல்ஸ் வெர்னின் 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்' என்ற நீர்மூழ்கிக் கப்பல் நாவல். 1869 முதல் 1870 வரை பிரெஞ்சு இதழொன்றில் தொடராக வந்தது. தலைப்பில் உள்ள இருபதாயிரம் 'லீக்' என்பது ஆழம் என்று நினைப்பவர்கள் இன்றும் பலர். ஒரு லீக் 4 கிலோமீட்டர். ஆக மொத்தம் 80,000 கிலோமீட்டர். ஆழம் என்று கொண்டால் பூமியை ஆறு முறை துளைத்துக்கொண்டு போக வேண்டும். அது கடலுக்கடியில் கப்பல் பயணம் செய்த தூரம், ஏறத்தாழ உலகை இரண்டு சுற்று. இதைச் சொல்ல முதல் பக்கத்தில் ஒரு வரி போதும். பெரும்பாலான பதிப்புகளில் அந்த ஒரு வரி இல்லை.

இந்த நாவலின் உச்சம் ராட்சதக் கணவாயுடன் நடக்கும் சண்டை என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் கருத்தில் உச்சம் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. தென்துருவத்தை விட்டுத் திரும்பும் நாட்டிலஸ் கப்பல் பனிக்கட்டிக்குள் சிறைப்படும் இடம் அது. கப்பலுக்கு அடியில் உள்ள பனியின் கனம் 10 மீட்டர். கப்பல் இறங்கும் அளவுக்குக் குழி தோண்ட 6,500 கன மீட்டர் பனியை வெட்டி எடுக்க வேண்டும். முறை வைத்து 12 மணி நேரம் வெட்டியதில் போனது 600 கன மீட்டர், அதாவது ஒரு மீட்டர் கனம். மீதி 9 மீட்டருக்கு இன்னும் ஒன்பது முறை, அதாவது ஐந்து இரவு, நான்கு பகல். தொட்டிகளில் இருக்கும் காற்றோ இரண்டு நாளைக்குத்தான். படிக்கிறவர் இந்தக் கழித்தலை மனதுக்குள் போட்டுப் பார்த்த கணமே அவருக்கும் மூச்சு முட்டத் தொடங்குகிறது. அதற்குள் பக்கச் சுவர்களும் உறைந்து நெருங்கி வருகின்றன. கொதிநீரைப் பாய்ச்சலாம் என்கிறார் கேப்டன் நெமோ. வெளியே நீரின் வெப்பநிலை மைனஸ் 7. மூன்று மணி நேரத்தில் மைனஸ் 6. அடுத்த இரண்டு மணி நேரத்தில் மைனஸ் 4. இரவுக்குள் மைனஸ் 1. கடல் நீர் உறைவது மைனஸ் 2-க்குப் பக்கத்தில் என்பதால், அந்த மைனஸ் 1 என்ற எண்ணைப் பார்த்ததும் படிப்பவருக்கு உயிர் வருகிறது.

சுருக்கப் பதிப்பில் இந்த அத்தியாயம் முழுவதும் 'பனியில் சிக்கிய கப்பலைப் பெரும் போராட்டத்துக்குப் பின் மீட்டார்கள்' என்ற ஒரு வாக்கியம் ஆகிவிடுகிறது. அதைப் படித்த மாணவர் 'ஒண்ணுமே இல்லையே' என்று சொன்னால் அவர் மீது தப்பு இல்லை.

எண் காணாமல் போவதைவிட மோசம், எண் தப்பாக அச்சாவது. 1872-ல் வந்த மெர்சியரின் ஆங்கில மொழிபெயர்ப்பு மூலத்தில் ஏறத்தாழ கால்வாசியை வெட்டிவிட்டது. மூலத்தில் எஃகின் அடர்த்தி நீரைப் போல 7.8 மடங்கு. மெர்சியர் அதை நீரின் அடர்த்தியில் 0.7 முதல் 0.8 வரை என்று எழுதிவிட்டார். அப்படியானால் எஃகு கட்டையைப் போலத் தண்ணீரில் மிதக்க வேண்டும்! ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் தெரிந்த பிள்ளை, இந்த எழுத்தாளருக்கு அறிவியலே தெரியாது என்று முடிவு கட்டும். பழி வெர்ன் தலையில் விழுகிறது. 1965-ல் வால்ட்டர் ஜேம்ஸ் மில்லர் இந்தக் குளறுபடிகளை வெளிக்கொண்டு வந்து திருத்திய பதிப்பைத் தந்தார். எஃப்.பி. வால்ட்டரின் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு குட்டன்பர்க் இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மெர்சியருடையதும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆங்கிலம் வழியாகத் தமிழாக்குபவர் எதை எடுத்தோம் என்று சொல்லாவிட்டால், நூற்றைம்பது ஆண்டுப் பிழை புது அட்டையோடு மறுபடி கடைக்கு வந்துவிடும்.

வெர்னும் தவறியிருக்கிறார். நாவலில் கப்பல் 16,000 மீட்டர் ஆழம் இறங்குகிறது. உலகக் கடல்களில் மிக ஆழமான இடமே 11,000 மீட்டருக்குள்தான். இதற்கு ஓர் அடிக்குறிப்பு போடலாம். மூலத்தைத் திருத்தக் கூடாது.

இனி விக்டர் ஹியூகோ. 1862-ல் வெளிவந்து, சுத்தானந்த பாரதியாரின் தமிழில் 'ஏழை படும் பாடு' ஆகி, 1950-ல் திரைப்படமாகவும் வந்த நாவல். இதைப் பாதியில் வைப்பவர்கள் 'ஒரே சோகம்' என்பார்கள். ஃபான்தீனின் கதையை முழுமையாகப் படித்தால், அங்கே சோகத்தைவிட முதலில் கண்ணில் படுவது வரவு செலவுதான்.

கையில் 80 பிராங்குடன் வரும் ஃபான்தீன், தன் குழந்தை கோசெத்தைத் தெனார்தியே தம்பதியிடம் விட்டுச் செல்கிறாள். மாதம் 6 பிராங்க் தருகிறேன் என்கிறாள், 7 என்று கறாராகச் சொல்கிறார்கள். ஆறு மாதத்துக்கு முன்பணம் 42, கைச்செலவுக்கு 15, ஆக 57 அங்கேயே போய்விடுகிறது. பிறகு மாதத் தொகை 12 ஆகிறது, 15 ஆகிறது. தொழிற்சாலை வேலை போனதும் படைவீரர்களுக்கு முரட்டுச் சட்டை தைக்கிறாள். நாளுக்கு 12 சூ கூலி. ஒரு பிராங்குக்கு 20 சூ. மாதம் 15 பிராங்க் என்றால் நாளுக்கு 10 சூ குழந்தைக்கே சரி. அவள் சாப்பிடவும் குளிர்காயவும் வாடகைக்கும் மிஞ்சுவது இரண்டே சூ. குழந்தைக்குக் கம்பளிப் பாவாடை வேண்டும், 10 பிராங்க் அனுப்பு என்று கடிதம் வருகிறது. தலைமுடியை 10 பிராங்குக்கு விற்று, பாவாடையாகவே வாங்கி அனுப்புகிறாள். பணம் வரவில்லையே என்று அவர்களுக்குக் கோபம். பாவாடை அவர்கள் மகளுக்குப் போகிறது. குழந்தைக்குக் காய்ச்சல், 40 பிராங்க் அனுப்பு என்று அடுத்த கடிதம். காய்ச்சலே கிடையாது, பொய். முன்பல் இரண்டையும் பல் ஒன்றுக்கு 20 பிராங்காக விற்கிறாள். அதற்குள் சிறைக் கைதிகளைக் கொண்டு மலிவாகத் தைத்து வாங்கும் ஒப்பந்தக்காரன் கூலியைக் குறைத்துவிட, 17 மணி நேரம் தைத்தால் 9 சூ. அந்த நிலையில் 100 பிராங்க் கேட்டுக் கடிதம் வருகிறது. ஒரு வாய் கூடச் சாப்பிடாமல் தைத்தாலும் 222 நாள் கூலி அது.

அதற்குப் பிறகு, உடலையே விற்பது என்று அவள் எடுக்கும் முடிவை ஹியூகோ இரண்டு வரியில் முடித்துவிடுகிறார். படிப்பவருக்கு அந்த இரண்டு வரியே தாங்காது. காரணம், தப்பிக்க வேறு வழி உண்டா என்று அவரும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டார். சுருக்கப் பதிப்பில் 'வறுமையால் முடியையும் பற்களையும் விற்றாள்' என்று வரும்போது, எழுத்தாளர் நம்மை அழவைக்கப் பார்க்கிறார் என்ற எரிச்சல்தான் மிஞ்சும். பனிக்கட்டிக்குள் காற்று குறைவதும் ஃபான்தீனின் பையில் சூ குறைவதும் வாசகருக்குள் ஒரே விதமாகத்தான் வேலை செய்கின்றன. சாகசம் பிடிக்கும் பிள்ளைக்கு இந்த நாவலும் பிடிக்கும் என்று நாங்கள் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

சுருக்கவே கூடாது என்று சொல்லவில்லை. 365 அத்தியாயங்களை எல்லோரும் படிக்க முடியாது. கன்னிமடத்தைப் பற்றிய நீண்ட விசாரணை, திருடர் மொழி பற்றிய ஆராய்ச்சி, பாரிஸ் சாக்கடையின் வரலாறு ஆகியவற்றைக் குறைத்தால் கதை கெடாது. வாட்டர்லூ போர் 19 அத்தியாயம், அதையும் குறைக்கலாம். ஆனால் கடைசியான பத்தொன்பதாவது அத்தியாயத்தைத் தொடக் கூடாது. பிணங்களிடம் திருடும் தெனார்தியே, அடிபட்டுக் கிடந்த பொன்மெர்சி என்ற அதிகாரியின் உடைமைகளை உருவும்போது அவருக்கு நினைவு திரும்புகிறது. தன்னைக் காப்பாற்றியவன் இவன் என்று நம்பி, அந்தப் பெயருடையவனுக்கு உன்னால் ஆன நன்மை செய் என்று மகன் மரியுஸுக்கு எழுதி வைக்கிறார். பின்னால், நாவலின் நாயகன் வல்ஜீன் தெனார்தியேயிடம் மாட்டிக்கொண்டிருப்பதைச் சுவர்த் துளை வழியாகப் பார்க்கும் மரியுஸ், கையில் துப்பாக்கி இருந்தும் போலீசுக்கு அடையாள வேட்டு வைக்காமல் தவிப்பது இதனால்தான். அந்த அத்தியாயத்தை வெட்டினால் மரியுஸ் கோழையாகத் தெரிவான்.

வெர்னில் மீன் பட்டியல்களைக் குறைக்கலாம், ஒன்றையாவது விட்டு வைத்தால் நல்லது. வகைபிரிக்கத் தெரிந்த பணியாள் கோன்செயிடம், மீனில் தின்னக்கூடியது, தின்னக்கூடாதது என்று இரண்டே வகை என்று திமிங்கில வேட்டைக்காரன் நெட் லேண்ட் சொல்லும் இடம் அதில்தான் வருகிறது. வெட்டவே கூடாத இடம், போர்க்கப்பலை மூழ்கடித்த பின் ஒரு பெண்ணும் இரண்டு குழந்தைகளும் உள்ள படத்தின் முன் நெமோ மண்டியிட்டு விம்மும் இடம். அது இல்லாவிட்டால் நெமோ வெறும் வில்லன். மன்னார் முத்துச் சலாபமும் அப்படித்தான். கால்களுக்கு இடையே கல்லைப் பற்றிக்கொண்டு மூழ்கும் ஏழை முத்துக்குளிப்பவனைச் சுறாவிடமிருந்து காப்பாற்றி, ஒரு பை முத்தைக் கொடுக்கிறார் நெமோ. அவன் ஒடுக்கப்பட்ட நாட்டைச் சேர்ந்தவன், நானும் அப்படித்தான் என்கிறார். பின்னர் வந்த 'மர்மத் தீவு' நாவலில், நெமோ புந்தேல்கண்ட் இளவரசர் தக்கார், திப்பு சுல்தானின் உறவினர் என்று வெர்ன் வெளிப்படுத்துகிறார். தமிழ்ப் பதிப்பில் இந்தப் பகுதி இல்லாமல் போவது எங்களுக்குப் பெரிய வேதனை.

வாசகர் வட்டம் நடத்துபவர்களுக்கு ஒன்று. ஹியூகோவை முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். 1815 அக்டோபரில் வல்ஜீன் ஊருக்குள் நுழையும் இடத்தில் தொடங்கி, ஆயர் அவனுக்கு வெள்ளி விளக்குத் தண்டுகளைக் கொடுக்கும் இடம் வரை போய்விட்டு, அந்த ஆயரைப் பற்றிய முதல் 14 அத்தியாயங்களுக்குத் திரும்பலாம். ஃபான்தீன் பகுதியை ஒரே அமர்வில் உரக்கப் படியுங்கள். கரும்பலகையில் வரவு, செலவு என்று இரண்டு பத்தி போட்டு, ஒவ்வொரு கடிதம் வரும்போதும் எழுதிக்கொண்டே வாருங்கள். வெர்னின் பனி அத்தியாயத்துக்கு மணி, மீட்டர், காற்று என்று மூன்று பத்தி.

பதிப்பாளர்களிடம் எங்கள் கோரிக்கை சிறியது. எந்த மூலத்திலிருந்து, யார் மொழிபெயர்ப்பிலிருந்து ஆக்கப்பட்டது, முழுமையானதா சுருக்கமா, மூலத்தில் எத்தனை அத்தியாயம், இதில் எத்தனை என்று நான்கு வரியைப் பதிப்பு விவரப் பக்கத்தில் போடுங்கள். வெர்ன் என்றால் இரண்டு பாகம், 47 அத்தியாயம். ஹியூகோ என்றால் ஐந்து பாகம், 365. 'சுருக்கம்' என்ற சொல் முன்னட்டையிலேயே, தலைப்புக்குக் கீழே, படிக்கிற அளவு எழுத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நூலக வாசகர் வட்டத்தினர் சிலர்,
தஞ்சாவூர்.