வெட்டிய அன்றே கொடுங்கள்: நகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

பழைய தாலுகா அலுவலகத்துக்கு எதிரே நின்ற தூங்குமூஞ்சி மரத்தின் கதையைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வடிகால் பணிக்காக அதை வெட்டியதும், கட்டைகள் உரக்கிடங்குக்குப் போனதும், அவற்றில் நாலைந்து துண்டு கேட்டு, லேத்தில் மரத்தைச் சுழலவிட்டு உளியால் கிண்ணமும் பம்பரமும் கடையும் எங்கள் மரக்கடைசல் மன்றம் கொடுத்த மனு எந்தெந்த மேசையில் தங்கிச் சென்றது என்பதும் தங்கள் அலுவலகத்துக்குத் தெரிந்ததே. சென்ற வாரம் அந்தக் கட்டைகள் செங்கல் சூளைக்கு லாரி ஏறிவிட்டன. மனு இன்னும் "பரிசீலனையில்" இருக்கிறதாம். எதைப் பரிசீலிக்கிறார்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

வெட்டியது சரியா, தவறா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. மாவட்டப் பசுமைக் குழுவில் வைத்து அனுமதி வாங்கித்தான் வெட்டினீர்கள். அந்த நிழலில் இளநீர் விற்றவருக்கும் ஆட்டோ நிறுத்தியவர்களுக்கும் அதில் வேறு கருத்து இருக்கலாம். அவர்கள் தனியாக எழுதட்டும். எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். பொது இடத்தில் மரம் வெட்டப்பட்டாலோ காற்றில் சாய்ந்தாலோ, அதில் இரண்டடி நீளத்துக்கு மிகாத சில துண்டுகளை வெட்டிய அன்றே, வெட்டிய இடத்திலேயே, தாங்கள் வைக்கும் விலைக்கு ரசீது போட்டுக் கொடுங்கள்.

அன்றே என்பதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று தங்கள் அலுவலர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நின்று பதில் கேட்க மட்டும் யாருக்கும் நேரமில்லை, ஆகவே இங்கே எழுதுகிறேன்.

பச்சை மரத்தின் ஈரம் பட்டை வழியாக மெதுவாகத்தான் போகும். வெட்டுமுகம் வழியாகப் பல மடங்கு வேகமாகப் போகும். வெளிப்பக்கம் காய்ந்து சுருங்கும்போது உள்ளே இன்னும் ஈரம் இருக்கும். இது ஒரு தொல்லை. இன்னொன்று, மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்காது. நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு, வளையத்தின் போக்கில் சுருங்கும். முழு உருளையாகக் கிடக்கும் கட்டை அந்த இழுப்பைத் தாங்க முடியாமல் நடுவரை பிளந்துதான் ஆக வேண்டும். இதற்குக் கைப்பக்குவம் உண்டு. வெட்டியவுடன் கட்டையை நடுத்தண்டு வழியாக இரண்டாகப் பிளந்து, இரு முனைகளிலும் மெழுகை உருக்கித் தடவி, நிழலில் வைக்க வேண்டும். முடிந்தால் அந்த வாரத்திலேயே லேத்தில் ஏற்றி, கிண்ணத்தின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர் விட்டுக் கரடாகக் கடைந்துவிட வேண்டும். பத்து அங்குலக் கிண்ணத்துக்கு ஓர் அங்குலச் சுவர். பிறகு அதைக் காகிதப் பையில் போட்டு மாதக்கணக்கில் மறந்துவிடலாம். அது நீள்வட்டமாகக் கோணிக்கொள்ளும், ஆனால் வெடிக்காது. காய்ந்தபின் மறுபடி ஏற்றி மெல்லிசாகக் கடைந்தால் கிண்ணம் தயார். இவ்வளவும் முதல் ஓரிரு நாளில் நாம் என்ன செய்தோம் என்பதைப் பொறுத்தது.

தாலுகா அலுவலக மரம் விழுந்த அன்று மாலை, மெழுகும் ரம்பமும் ஒரு குட்டியானையும் எடுத்துக்கொண்டு நாங்கள் அங்கே நின்றோம். "ஆபீஸ்ல கேட்டுட்டு வாங்க" என்றார் மேற்பார்வையாளர். ஆபீசில் கேட்டோம். சும்மா கொடுக்க விதி இல்லை என்றார்கள். சரி ஐயா, பணம் கட்டுகிறோம் என்றோம். அப்போது அந்த எழுத்தர் சொன்ன பதிலை நாங்கள் மன்றத்துச் சுவரில் எழுதி வைக்கலாமா என்று யோசிக்கிறோம்: "பணம் வாங்குறதுக்குத் தலைப்பு இல்லையே சார்."

அவர் மேல் எங்களுக்குக் கோபமில்லை. அவர் சொன்னது உண்மை. மரத்தை மொத்தமாக ஏலம் விட்டால் அந்த வரவுக்குக் கணக்குத் தலைப்பு இருக்கிறது. நாலு துண்டு விற்றால் இல்லை. ஆக இலவசமாக வாங்கினால் முறைகேடு, காசு கொடுத்து வாங்கினால் கணக்கில் இடமில்லை. மொத்த மரத்தையும் ஏலத்தில் எடுங்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். எங்கள் மன்றம் கூடுவது மூடிக்கிடக்கும் ஓர் அரிசி ஆலையின் கொட்டகையில். அங்கே அந்த அடிமரத்தை இறக்கினால் நாங்கள் வெளியே உட்கார வேண்டும்.

பிறகு நடந்ததுதான் வயிற்றெரிச்சல். கட்டைகள் உரக்கிடங்கின் திறந்த வெளியில் கோடை முழுக்கக் கிடந்தன. குப்பை வண்டிகள் நுழையும் வழியில் கிடந்ததால் போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள், நாங்களும் பார்த்தோம். முதலில் வெட்டுமுகத்தில் மயிர்க்கோடுகள். அப்புறம் நடுவிலிருந்து பட்டைவரை ஒரு பிளவு. கடைசியாகப் பார்க்கும்போது அந்தப் பிளவில் விரல் நுழைந்தது. இத்தனைக்கும் தூங்குமூஞ்சி சுருக்கம் குறைந்த மரம். பச்சையாகவே கடைந்து முடித்தாலும் பெரிதாகக் கோணாது என்று கடைசல்காரர்கள் அதைக் கொண்டாடுவார்கள். அப்படிப்பட்ட மரத்தையே வெடிக்க வைத்த பெருமை நம் ஊர் உரக்கிடங்குக்கு உரியது. ஏல அறிவிப்பு வெளியாகி, யாரும் வராமல் தள்ளிப்போய், மறுபடி வெளியானபோது அது விறகு. சூளைக்காரர் விறகு விலைதான் கொடுத்திருப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது.

இந்த மரம் மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. நமக்கும் வந்த மரம், ஹவாய்த் தீவுகளுக்கும் வந்த மரம். ஹவாயில் அதன் கிண்ணங்களும் தட்டுகளும் சுற்றுலாப் பயணிகள் ஆசையாக வாங்கிப்போகும் பொருள். வெளிர் மஞ்சள் ஓரமும் உள்ளே காப்பிக்கொட்டை நிறமுமாக எண்ணெய் தடவியவுடன் எழும்பும் அந்த ரேகையைப் பார்த்தவர்கள் அதைச் சூளைக்கு அனுப்ப மாட்டார்கள். நம் கண்மாய்க்கரைப் பூவரசும் அங்கே உண்டு. உணவில் தன் வாசனையை ஏற்றாத மரம் என்பதால் அந்த மக்கள் பரம்பரையாக அதில் சாப்பாட்டுக் கலங்கள் செய்தார்கள். நாம் பூவரச இலையில் பீப்பீ ஊதியதோடு சரி. பஸ் நிலையத்துக்குப் பின்னால் சாய்ந்த பூவரசு எங்கே போனது என்று கேட்டால் தங்களுக்குச் சங்கடம். கேட்கவில்லை.

எங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மன்றத்தில் ஐடிஐயில் டர்னர் படித்து மில்லில் இரும்பு கடைந்து ஓய்வுபெற்றவர் இருக்கிறார், பல் மருத்துவர் இருக்கிறார், தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். அப்பா காலத்தில் கட்டில் காலும் தொட்டில் காலும் கடைந்து கொடுத்த குடும்பத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். உளியைப் பிடிக்கும் கோணத்தை எங்கள் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் செய்கிறவர்களைப் போலவோ, தாழை மடலால் அரக்கை மெருகேற்றும் கர்நாடகத்துச் சன்னபட்டணா பொம்மைக் கைவினைஞர்களைப் போலவோ நாங்கள் தொழில்காரர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தோஷத்துக்குக் கடைகிறவர்கள். கடைவதில் பாதியை விற்பதுகூட இல்லை. பம்பரம் அங்கன்வாடிக்குப் போகிறது, மத்தும் சப்பாத்திக் கட்டையும் உறவினர் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போகின்றன.

பொழுதுபோக்குக்கு நகராட்சி ஏன் மரம் தர வேண்டும் என்று ஒரு கவுன்சிலர் கேட்டாராம். அவருக்கு: லண்டனில் கடைசல்காரர்களின் சங்கம் 1604இல் அரசரிடம் சாசனம் வாங்கியது. அமெரிக்காவில் 1986இல் தொடங்கிய கடைசல்காரர் சங்கத்துக்கு ஊருக்கு ஊர் கிளைகள். பெரும்பாலும் எங்களைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை ஆட்கள்தான். அந்தக் கிளைகளில் பலர் மருத்துவமனையில் நெடுநாள் கிடக்கும் குழந்தைகளுக்காக மூடிபோட்ட மரச்சிமிழ் கடைந்து கொடுக்கிறார்கள். ஒவ்வொரு சிகிச்சைக்கும் கிடைக்கும் பாசிமணிகளைக் குழந்தைகள் அதில் சேர்த்து வைக்கிறார்கள். தெருவில் விழுந்த மரம் அங்கே பலருக்கும் பட்டறைக் கச்சாப்பொருள். நம் பக்கத்துக்கே வாருங்கள், நரசிங்கன்பேட்டையில் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைத் தேடி வாங்கி நாதஸ்வரம் கடைகிறார்கள். வேண்டாம் என்று தள்ளிய மரத்துக்கு மறுபடி வாய் கொடுக்கத் தெரிந்த நாடு இது. நகராட்சிகளுக்கு மட்டும் அது விறகு.

சொல்ல வந்ததை விட்டு எங்கோ போகிறேன், இருந்தாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். தாலுகா அலுவலக மரம் விழுந்த அதே மாதத்தில் நகராட்சி சார்பில் மரம் நடு விழா நடந்தது. வெட்டிய ஒன்றுக்குப் பத்துக் கன்று என்று தீர்மானம். நல்ல தீர்மானம், நாங்களும் போயிருந்தோம். "மரமே வரம்" என்ற ஃப்ளெக்ஸ் பேனரை வேப்ப மரத்தில் ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். நட்ட கன்றுகளில் எத்தனைக்குத் தண்ணீர் ஊற்றக் கணக்குத் தலைப்பு இருக்கிறது என்பது தெரியவில்லை. விருந்தினர்களுக்கு நினைவுப் பரிசாகக் கொடுத்தது பிளாஸ்டிக்கில் மரம்போல வார்த்த ஒரு பொம்மை. அந்தப் பரிசுகளை விழுந்த மரத்திலேயே கடைந்து தருகிறோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தோம். அதுவும் பரிசீலனையில் இருக்கும் என்று நம்புகிறேன்.

மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

சந்தனமோ ஈட்டியோ தேக்கோ நாங்கள் கேட்கவில்லை. அவற்றுக்குச் சட்டம் இருப்பதும், அவை வனத்துறை பார்த்துக்கொள்ள வேண்டியவை என்பதும் தெரியும். தூங்குமூஞ்சி, பூவரசு, வேம்பு, புங்கு, வாகை, புளி, இவ்வளவுதான் கேட்கிறோம். அதிலும் அடிமரம் முழுவதும் வேண்டாம், அதைத் தாராளமாக ஏலம் விடுங்கள். கிளை பிரியும் கவட்டையும், முண்டும் முடிச்சுமாக அறுப்பு ஆலைக்காரர் ஒதுக்கும் துண்டுகளும் எங்களுக்குப் போதும். எங்கள் வேலைக்கு அழகான ரேகை அங்கேதான் கிடைக்கும். எடை போட்டுத் தாருங்கள், அந்த வட்டாரத்து விறகு விலையைப் போல இரண்டு மடங்கு கட்டுகிறோம். வெட்டும் ஆட்களுக்கு இடைஞ்சலாக ரம்பத்தோடு உள்ளே நுழைய மாட்டோம், அவர்கள் ஒதுக்கிப் போட்டதை எடுத்துக்கொள்கிறோம். ஏதாவது அசம்பாவிதம் நடந்தால் பொறுப்பு எங்களுடையது என்று முத்திரைத்தாளில் எழுதித் தருகிறோம். மரக்கடத்தல் என்ற சந்தேகம் யாருக்காவது இருந்தால், ஒன்றரை அடித் தூங்குமூஞ்சித் துண்டைக் கடத்தி இதுவரை யாரும் மாடிவீடு கட்டியதில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

எங்களுக்கு மட்டும் கொடுக்கவும் வேண்டாம். கைவினை கற்கும் பள்ளிப் பிள்ளைகள், பொம்மை செய்கிறவர்கள், சிற்பிகள் யார் கேட்டாலும் அதே விலை, அதே ரசீது என்று பொதுவாக ஒரு தீர்மானம் போடுங்கள். நகர்மன்ற அஜெண்டாவில் ஒரு வரி. "பொது இடங்களில் அகற்றப்படும் மரங்களின் சிறு துண்டுகளை அன்றைய தினமே விற்பனை செய்ய சுகாதார ஆய்வாளருக்கோ உதவிப் பொறியாளருக்கோ அதிகாரம் அளிக்கப்படுகிறது" என்ற வரி. அதோடு அந்த எழுத்தருக்கு ஒரு தலைப்பு. மரத்துக்காக இவ்வளவு காலம் காத்திருந்தவர்களுக்கு ஒரு வரி எழுதுவது பெரிய செலவில்லை.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. ஆஸ்பத்திரி ரோட்டில் நிற்கும் வேப்ப மரங்களில் சிலவற்றுக்குச் சிவப்புப் பெயிண்டில் எண் போட்டிருக்கிறார்கள். மழை தொடங்குவதற்குள் வேலை முடிய வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார். வேம்பைக் கடையும்போது தூசி கசக்கும், தும்மல் வரும், ஆனாலும் அந்தச் செந்நிற மரத்தில் செய்த சிமிழுக்கு எங்கள் மன்றத்தில் போட்டியே நடக்கும். அந்த மரங்களாவது திறந்தவெளியில் கிடந்து பிளக்காமல் இருக்கட்டும். வெட்டும் தேதியை முந்தின நாள் எங்களுக்கு ஒரு போன் செய்து சொல்லச் சொல்லுங்கள். மெழுகும் பணமும் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறோம். வெட்டிய அன்றே, வெட்டிய இடத்திலேயே, ரசீது போட்டுக் கொடுங்கள்.

அடுத்த நகர்மன்றக் கூட்டத்துக்கு முன் நேரில் வந்து பேச ஒரு பத்து நிமிடம் ஒதுக்கித் தந்தால் நன்றியுடையவர்களாக இருப்போம். வரும்போது பழைய மனுவின் நகலையும் கொண்டுவருகிறோம், அசல் எங்கே இருக்கிறது என்று தேடித் தங்கள் அலுவலர்கள் சிரமப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
மரக்கடைசல் மன்றத்தின் சார்பில்,
தங்கள் நகராட்சிக்கு ஒழுங்காக வரி கட்டும் ஒருவன்