ஓக்கமிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போன வாரம் போனில், "உங்க ஊரை யாருப்பா நடத்துறாங்க?" என்று கேட்டீர்கள். பத்து வருஷம் வார்டு மெம்பராக இருந்த உங்களுக்கு அவசரமாகப் பதில் சொல்ல மனசு வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஓக்கம் இருக்கும் ரட்லேண்ட், இங்கிலாந்தில் ஒரு சின்னஞ்சிறு கவுண்டி (நிர்வாகப் பகுதி). மொத்தமே சுமார் 41,000 பேர்தான், ஓக்கம், அப்பிங்ஹாம் என்று இரண்டே டவுன். 1974இல் அரசாங்கம் இதைப் பக்கத்து லெஸ்டர்ஷயர் கவுண்டியோடு சேர்த்து, அதன் கீழ் ஒரு மாவட்டமாக இறக்கிவிட்டது. இந்த மக்கள் விடவில்லை. 23 வருஷம் கழித்து, 1997 ஏப்ரல் 1 அன்று, தனி நிர்வாகத்தைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். இப்போது பள்ளிக்கூடம், ரோடு, குப்பை எல்லாம் 27 உறுப்பினர்கள் கொண்ட ஒரே கவுன்சிலின் கையில். திரும்பவும் இணைப்புப் பேச்சு கிளம்பியிருப்பதைக் கேட்டால் எனக்கே பதறுகிறது.

அதற்குக் கீழே பாரிஷ் கவுன்சில், நம் ஊராட்சி மாதிரி. ரொம்பச் சின்ன கிராமங்களில் கவுன்சிலும் கிடையாது. ஓட்டுரிமை உள்ளவர்கள் எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள். அப்படியே நம் கிராம சபை! வீட்டு வரி ரசீதில் கவுண்டிக்கு இவ்வளவு, போலீசுக்கு இவ்வளவு, தீயணைப்புக்கு இவ்வளவு, பாரிஷுக்கு இவ்வளவு என்று வரிவரியாகப் பிரித்துப் போட்டிருக்கிறது. நீங்கள் பார்த்தால் சந்தோஷப்படுவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஓக்கம் கோட்டைக்குப் போனேன். 12ஆம் நூற்றாண்டுக் கூடம். சுவர் முழுக்க லாடங்கள். இந்த ஊருக்கு முதல்முறை வருகிற பிரபுவோ அரச குடும்பத்தாரோ ஒரு லாடம் கொடுத்தாக வேண்டும் என்பது பழைய வழக்கம். சில ரொம்பப் பெரியவை, உச்சியில் கிரீடம் வைத்தவையும் உண்டு. எல்லாமே வாய் கீழே பார்க்கக் கவிழ்ந்து தொங்குகின்றன. நிமிர்த்தி மாட்டினால் உள்ளே சாத்தான் வந்து உட்கார்ந்துவிடுமாம்.

முக்கியமான விஷயம், அப்பா. காமன்வெல்த் நாட்டவர் என்பதால், இந்தியப் பாஸ்போர்ட்டோடே எனக்கு இங்கே ஓட்டு உண்டு. பெயர் பதிந்துவிட்டேன். பட்டியலில் என் பெயரைப் பார்த்தபோது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 2 கிராம சபையில் நம் தெரு வாய்க்கால் பற்றி என்ன பேசினார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்